பிரகாஷ் ரவுட்டரைத் திருத்திய கதை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பொருளை ஒரு தடவை பிரித்துப் பார்க்காவிட்டால் சிலருக்குச் சோறு இறங்காது. பிரகாஷ் அந்த ரகம். அதிலும் ஜமுனாமரத்தூரில் இரண்டு வருஷம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் என்றால் கேட்க வேண்டுமா? கடையை மூடி மூன்று வருஷமாகிறது. கை மட்டும் இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.

அவன் வீட்டில் கை வைக்கக் கூடாத பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரவுட்டர். சிம் போட்டு ஓடுவது. அதன் முதுகிலிருந்து ஒரு ஒயர் கூரை இடுக்கு வழியாக வெளியே போய், தண்ணீர்த் தொட்டி மேல் நிறுத்திய குழாயில் கட்டியிருந்த ஆன்டெனாவில் முடியும். ஆன்டெனா மேற்கே, திருப்பத்தூர்ப் பக்கத்துச் சரிவில் இருக்கும் டவரைப் பார்த்தபடி நிற்கும். வீட்டுக்குள் செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. ரவுட்டர் இருந்தால்தான் அவன் மனைவி கோகிலவாணிக்கு வேலை.

ஒரு கூரியர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே போனில் பதில் சொல்கிற வேலை அது. காலை ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டினால், ‘வணக்கம்ங்க, உங்க பார்சல் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்றேங்க’ என்று சாயங்காலம் ஆறு வரைக்கும் ஊர் ஊராகச் சமாதானம் சொல்வாள். அவள் ஊருக்கு இதுவரை ஒரு பார்சலும் வந்ததில்லை. கூரியர்காரர்கள் மலையடிவாரத்தோடு திரும்பிவிடுவார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி, ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனவர்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி பார்த்துக்கொண்டார்கள். பிரகாஷும் கூடப் போயிருக்கலாம். ஆனால் பக்கவாதத்தில் விழுந்துவிட்ட அவன் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கவும், கழுவித் துடைக்கவும், கஞ்சி ஊட்டவும் வேறு நாதி இல்லை. இந்த வேலை கிடைத்த பிறகு, ஏழு மாதமாகத்தான் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். கம்பெனி சேர்க்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டது. லைன் ஒழுங்காக இருக்கும்வரை வீடு. இல்லையென்றால் ஓசூர் ஆபீசுக்கு வர வேண்டும்.

லைன் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அறுந்தது, அவ்வளவுதான். வேலையில் அவளுக்கு மேலே இருக்கிற பிரியதர்ஷினி மேடம், “கொஞ்சம் பாத்துக்கோங்க கோகிலா” என்று ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு வாக்கியம் பிரகாஷுக்குப் போதுமானதாக இருந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவனுக்கு வேறொரு குடைச்சலும் இருந்தது. ஊரில் எல்லாரும் அந்த வீட்டை இப்போது ‘கோகிலா வூடு’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். சம்பாதிக்கிறவள் பெயரில் வீட்டைச் சொல்வதில் தப்பில்லை என்று அவனே சொல்வான். சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு பீடியைப் பற்றவைப்பான். அவள் வேலையில் தனக்கும் ஒரு கை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆசையில் குற்றமில்லை, வழிதான் கோளாறு.

யூடியூபில் ஒருவன் சொன்னான். ரவுட்டரில் கம்பெனி போட்டுக் கொடுத்த ஃபர்ம்வேரை, அதாவது அதை ஓட்டுகிற சாஃப்ட்வேரை, தூக்கி எறிந்துவிட்டு, வெளியாட்கள் எழுதிய கஸ்டம் ஃபர்ம்வேரை ஏற்றினால், நல்ல டவரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், லைன் அறுபடவே அறுபடாது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஏற்றிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிஷமும் கரண்ட் போகக் கூடாது.

செவ்வாய்க்கிழமை கோகிலாவுக்கு வார விடுமுறை. பேங்க் வேலையாக ஜமுனாமரத்தூர் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் முடித்து, புதன்கிழமை சாயங்காலம் ‘இன்னிக்கு ஒரு தபாகூட கட் ஆவல மாமா’ என்று அவள் வாயால் கேட்க வேண்டும் என்பது திட்டம். சரியான ஃபைலைத்தான் எடுத்திருந்தான். மாடல் நம்பரை மூன்று தடவை சரி பார்த்தான். செல்போனிலிருந்து ரவுட்டருக்குள் போய், ஃபைலைக் கொடுத்து, பட்டனைத் தட்டினான். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று கோடு ஏறியது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோடை இடி விழுந்து ஒரு வருஷம் ஏழு வீட்டு டிவி கருகிப்போனது. அதிலிருந்து, முதல் இடிச் சத்தம் கேட்டதும் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டு ரங்கன் ஓடிப்போய் கைப்பிடியை இறக்கிவிடுவார். ஊர் முழுக்கக் கரண்ட் நின்றுவிடும். மழை விட்டு, அவர் மனசுக்குச் சமாதானமான பிறகுதான் ஏற்றுவார். ஈபி ஆட்களுக்குத் தெரிந்தால் வம்பு. ஆனால் அதற்குப் பிறகு ஒரு டிவிகூடப் போனதில்லை. இந்த யோசனையைச் சொன்னதே பிரகாஷ்தான்.

அன்றைக்கு அவன் வானத்தைப் பார்க்காமல் இல்லை. தலைக்கு மேல் சுத்தமாக இருந்தது. கிழக்கே கலசப்பாக்கம் பக்கம் மட்டும் கொஞ்சம் கருத்திருந்தது. ரங்கனிடம் போய், ‘பத்து நிமிஷம் கை வைக்காத சித்தப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு என்று கேட்பார், பால் ஊற்றுகிற இடத்தில் நாலு பேரிடம் சொல்வார், கோகிலா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் திட்டம் என்னாவது? அதனால் சொல்லவில்லை.

கோடு அறுபத்திரண்டு சதவீதத்தில் இருந்தபோது, எங்கோ மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், வயிறு உருளுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மின்விசிறி நின்றது. ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

அவன் ஓடினான். போய்ச் சேர்ந்தபோது ரங்கன் கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா சித்தப்பா, அவ்ளோ தூரத்துல இடிச்சதுக்கு இறக்கிட்ட?”

“தூரமா கிட்டயான்னு நான் இன்னாத்தக் கண்டேன்? காதுல வுழுந்தா இறக்கணும்னு நீதானப்பா சொன்ன.”

பிரகாஷ் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தான். அந்த மனுஷனைத் திட்டுவதற்கு அவனிடம் ஒரு நியாயமும் இல்லை.

கரண்ட் வந்தபோது ரவுட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. போனில் வைஃபை பெயரே காணவில்லை. குண்டூசியால் பின்னால் உள்ள ரீசெட் துளையைக் குத்தி முப்பது வரை எண்ணினான். அதே சிவப்பு. பிடுங்கிச் சொருகி மறுபடி குத்தினான். இன்டர்நெட் போனால் என்ன செய்வது என்று பார்ப்பதற்கும் இன்டர்நெட் வேண்டும். அதற்கு ஊருக்கு மேலே பாறை உச்சிக்கு ஏற வேண்டும். அரை மணி நேரம் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு வீடியோவை இறக்கிக்கொண்டு வந்தான். அதில் சொன்னபடி செய்தான், நடக்கவில்லை. மறுபடி ஏறினான். மூன்று தடவை ஏறி இறங்கியதில் ஒன்று தெரிந்தது. ரவுட்டரை ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, பழைய ஃபர்ம்வேரை உள்ளே தள்ள வேண்டும். வீட்டில் இருந்தது கோகிலாவுக்குக் கம்பெனி கொடுத்த லேப்டாப். எதை மாற்றப் போனாலும் அது கம்பெனிக்கு மட்டும் தெரிந்த ஒரு பாஸ்வேர்டைக் கேட்டது.

கோகிலா வந்து நின்றபோது அவன் தரையில், ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவள் முதலில் அலமாரியைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“இன்னா ஆச்சி மாமா?”

சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. வாணாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதுக்குத்தான் கேக்கல.”

அவள் திட்டவில்லை. உள்ளே போய் மாமனாரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, உலை வைத்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் சாப்பிட்டிருப்பான்.

மறுநாள் பாறை மேல் ஏறி மேடத்துக்குப் போன் செய்து இரண்டு நாள் லீவு கேட்டாள். பிரகாஷ் முதல் பஸ்ஸில் ரவுட்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் போனான். இளவரசன் என்று பழக்கமான மெக்கானிக். கடை வைத்திருந்த காலத்தில் அவனிடம்தான் பிரகாஷ் சாமான் வாங்குவான். இளவரசன் தன் கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டி, ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டு, ஒன்றரை மணி நேரம் பார்த்தான். நடுவில் ஒரு தடவை ரவுட்டர் பதில் சொன்னது. ஒரே ஒரு வரி. பிரகாஷ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அடுத்த வரி வரவில்லை.

“மூச்சு கீதுடா, நெனவுதான் இல்ல” என்றான் இளவரசன். “போர்டத் தொறந்து ஒயர் பத்த வெச்சி, சிப்புல திரும்ப எழுதணும். என்னால ஆவாது. பெங்களூருக்கு அனுப்புறேன். பதினஞ்சு நாளு ஆவும். வரும்னு கேரண்டி குடுக்க மாட்டேன்.”

“இதே மாரி இன்னொண்ணு?”

“இந்த மாடல நிறுத்திட்டாங்கடா. புதுசுல வெளி ஆன்டெனா மாட்ட ஓட்டையே வெக்கறதில்ல.”

இருந்தாலும் ஒரு புது ரவுட்டரை வாங்கிக்கொண்டு வந்தான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக அவனுக்குத் தைரியமில்லை. அதை அலமாரியில் வைத்தான், ஜன்னலில் வைத்தான், தொட்டி மேல் ஏற்றி பாலிதீன் பையைக் கவிழ்த்து வைத்தான். ஒரு கோடு வரும், ஒன்றிலிருந்து மூன்று எண்ணுவதற்குள் போய்விடும். கோகிலா கீழே லேப்டாப்போடு நின்று, “வந்திச்சி… போய்டிச்சி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபதாவது தடவைக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

லீவு முடிந்தது. பாறையில் வைத்தே வேலையைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அவன் அப்பாவை ரங்கன் வீட்டில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாய், குடை, தண்ணீர், பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எட்டு மணிக்கே ஏறினார்கள். அங்கேயும் தரையில் சிக்னல் இல்லை. ஓராள் உயரத்துக்கு மேலேதான் இருந்தது. பிரகாஷ் லேப்டாப்புக்கு நெட் கொடுக்க ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, செல்போனை ஒரு மூங்கிலின் நுனியில் கட்டினான். பாறையில் மூங்கிலை எங்கே நடுவது? அதனால் அவனே பிடித்துக்கொண்டு நின்றான். கீழே பாயில் குடைக்குள் உட்கார்ந்து அவள், ‘வணக்கம்ங்க, உங்க பார்சல்’ என்று ஆரம்பித்தாள்.

முதல் நாள் காற்று. லைனில் எதிர்முனையில் இருந்த ஒருவர், ‘இன்னாம்மா பஸ்சுல போய்க்கினே பேசறியா’ என்று கேட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் மழை வந்து, லேப்டாப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒவ்வொரு நாளும் லைன் அறுந்தது இருபது தடவைக்கு மேல். சாயங்காலம் இறங்கும்போது அவனுக்குத் தோள் கழன்றுவிடும் போல இருக்கும். ஆனாலும் தேறிவிடும் என்று நம்பினான். நம்புவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு பிரியதர்ஷினி மேடம் கூப்பிட்டார். கோகிலாவின் காதில் ஹெட்போன் இருந்ததால் பிரகாஷுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

“சொல்லுங்க மேடம்… இல்லைங்க மேடம், ரிப்பேருக்குப் போயிருக்கு… எப்ப வரும்னு தெரியலைங்க.”

புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

“புரியுதுங்க மேடம். உங்க மேல தப்பில்லைங்க… ஓசூருங்களா?”

பிரகாஷ் மூங்கிலின் நுனியை நிமிர்ந்து பார்த்தான். மூங்கிலை ஒரு சாண் இறக்கினால் போதும். லைன் அறுந்துவிடும். மறுபடி பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் அவளிடம் ஏதாவது பேசலாம், பதினைந்து நாள் பொறு என்று கெஞ்சலாம். காற்றில் கைதவறியது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? இந்த மூன்று நாளில் ஐம்பது தடவை தானாக அறுந்த லைன்தானே.

“ஹாஸ்டல் குடுப்பீங்களா மேடம்? திங்கக்கிழமையே… மேடம்? மேடம், கேக்குதுங்களா?”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“மாமா, இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. வுட்டு வுட்டுக் கேக்குது.”

பிரகாஷ் குதிகாலை எடுத்து, நுனிக்காலில் நின்று, இரண்டு கையாலும் மூங்கிலைத் தூக்கிப் பிடித்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை.