ரெண்டு பக்கமும் நானே

"சின்ன வயசுல ரெண்டு பக்கமும் நானேதான் ஆடுவேன்" என்று அண்ணன் மைக்கில் சொன்னபோது, என் வாயிலிருந்த மக்ரூன் கசந்தது.

தூத்துக்குடியில் ஓர் ஓட்டலின் ஏசி ஹால். பழைய பாக்கெட் சண்டை விளையாட்டுகளின் ரசிகர்கள் கூடியிருந்தார்கள். எல்லாம் ஐம்பதைத் தாண்டிய தொந்திகள். சட்டைப் பையில் அடங்குகிற பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த தாள் வரைபடம், விரல் நகம் அளவு அட்டைத் துண்டுகள், ஒரு பகடை. ஒவ்வொரு அட்டையும் ஒரு படை. அந்தக் காலத்தில் சல்லிக் காசு பெறாத சாமான். இப்போது ஒருவர் உறையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் அப்பா ஹார்பரில் கிளார்க். யாரோ கப்பல்காரன் கொடுத்தான் என்று அப்படி ஓர் உறையைக் கொண்டுவந்தார். ஃபேனைப் போட்டால் இரண்டு நாட்டுப் படையும் பறந்து கட்டிலுக்கடியில் போய்விடும். அதனால் மே மாத மத்தியானத்தில் ஃபேனை அணைத்துவிட்டு, நானும் கிருபாநிதி அண்ணனும் எதிரெதிரே தரையில் குப்புறக் கிடப்போம். முதுகெல்லாம் வேர்க்குரு. தோற்கப்போகிறான் என்றால் அண்ணன் வேண்டுமென்றே தும்முவான். இதைத்தான் மேடையில் பொற்காலம் என்றான்.

பிறகு ரிட்ரீட் கதையை எடுத்தான். விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. தோற்ற படை 'ரிட்ரீட்' ஆக வேண்டுமாம். அதற்குப் பின்வாங்குவது என்று அர்த்தம் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாசரேத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனால், சபையில் ரிட்ரீட் என்று உபவாசமும் ஜெபமுமாக உட்கார வைப்பார்கள். அதனால் தோற்ற அட்டையைக் குப்புறக் கவிழ்த்து ஜெபத்தில் வைத்தோம். ஜெபம்பண்ணுகிறவனைச் சுடக்கூடாது. அந்த விதியைச் சொன்னவள் நான். அண்ணன் அதைத் தன் மூளையில் உதித்ததாகச் சொல்ல, ஹாலே சிரித்துக் கைதட்டியது.

அவன் இறங்கி வந்ததும் ஓரமாக நிறுத்தி, என்னை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஏளா இன்பமணி, தங்கச்சிகூட ஆடுனேம்னா கத எடுபடாது. தனியா கெடந்து ஆடுன பயன்னாத்தான் இவனுவ உருகுதானுவ."

கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. சோறு ஆறிப்போகும், போய்ச் சாப்பிடு என்கிற குரல். அதுதான் பெரிய அருவருப்பாக இருந்தது. பாதிக்குமேல் ஆட்டங்களில் ஜெயித்தவள் நான். அவன் கதையில் நான் பிறக்கவே இல்லை.

அடுத்து ஆடிக்காட்டுகிற நிகழ்ச்சி. அண்ணன் வரைபடத்தை விரித்து ஒரு பக்கம் உட்கார்ந்தான். எதிர் நாற்காலி காலி. சுற்றிலும் செல்போன்களைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மேடம், நீங்க யாரு?" என்றார் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்.

"எதிரி" என்றேன்.

அவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பகடையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"என் மொற. பகடையத் தா."

வரைபடத்துக்கு மேலே என் கை நீண்டிருந்தது. அவன் கையைத் திறக்கவில்லை. செல்போன்கள் எல்லாம் மெல்ல என் பக்கம் திரும்பின.