பச்சை வெல்வெட் திரை

என் வீட்டுக்காரர் அப்துல் வதூது சிங்கப்பூரிலிருந்து கப்பலில் இறக்கிய பழைய அமெரிக்கக் காரில் ஏர்கண்டிஷன் இருந்தது. கடலூரில் எங்கள் பக்கம் வேறு யார் வண்டியிலும் கிடையாது. கல்யாண வீடு, மௌத்து வீடு என்ற பாகுபாடில்லாமல் அதைச் சொல்லிக்கொண்டு திரிவார். அந்த ஏர்கண்டிஷன்தான் என் மகள் ஆரிபாவின் படிப்புக்குக் குறுக்கே வந்து நின்றது.

அவளைச் சிதம்பரத்தில் காலேஜில் சேர்க்கச் சொல்லி நான் சண்டை போட்டபோது, அவர் நிபந்தனை போட்டார். பஸ் கூடாது. காரில் கண்ணாடியை ஏற்றி, சுற்றிலும் திரை போட்டு, நானும் துணைக்குப் போய்வர வேண்டும். சரி என்று தலையாட்டினேன். திரைத்துணியை அவரே வாங்கி வந்தார். பச்சை வெல்வெட், ஜமக்காளம் மாதிரி கனம். நாங்கள் ஏறும்போது மட்டும் வளையத்தில் மாட்டுவார்கள், இறங்கியதும் கழற்றிவிடுவார்கள்.

முதல் நாளே புதுச்சத்திரம் தாண்டியதும் குளிர் நின்றுவிட்டது. பூட்டிய காருக்குள் வெந்தோம். ஆரிபா வாந்தி எடுத்தாள். இன்னொரு நாள் மயங்கியே விழுந்தாள். அப்போதும் கண்ணாடியை இறக்க டிரைவர் கொளஞ்சியப்பனுக்கு உத்தரவு இல்லை. என்ன மனுஷர் இவர் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தேன்.

ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் வண்டி தேவசகாயத்தின் பட்டறைக்குப் போகும். அவர் ஐஸ்பெட்டி ரிப்பேர் பார்ப்பவர். முன்மூடியைத் திறந்து பெல்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் குறைந்திருக்கும் என்று சிலிண்டரிலிருந்து ஏற்றுவார். ஒரு தடவை நான் கேட்டதற்கு, குழாயிலுள்ள சின்னக் கண்ணாடியில் நுரை தெரிந்தால் கேஸ் கம்மி என்று சொல்லியிருந்தார். உடனே ஜில்லென்றிருக்கும். ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அடுப்புதான்.

கடைசியாக ஒரு நாள் பாதி வழியில் திரும்பி, நேரே பட்டறைக்கு வந்தோம். இனிமேல் லீவு போட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தகவல் தெரிந்து என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்.

"நான் மட்டும் போறப்ப நல்லாத்தான் ஓடுது, தேவசகாயம். பொம்பளைங்க ஏறுனாத்தான் மக்கர் பண்ணுது. பேசாம படிப்ப நிறுத்திட வேண்டியதுதான்."

திரைக்குள்ளிருந்த ஆரிபா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டிக்கு நோவு என்றால் பெண்ணின் படிப்பை நிறுத்துவதா? ஆனால் அவர் சொன்னது மனதில் தைத்தது. நாங்கள் ஏறினால் மட்டும் ஏன்? எங்களோடு சேர்ந்து ஏறியது வேறென்ன?

திரும்பிப் பார்த்தேன். அந்த வண்டியின் குளிர்ப்பெட்டி டிக்கியில் இருக்கிறது; அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான். பின்சீட்டுக்கு மேலே உள்ள கம்பி வலை வழியாகத்தான் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துக் குளிர வைக்கும். காற்று இழுத்த இழுப்பில் அந்த வலைமேல் வெல்வெட்டின் அடிப்பாகம் ஒட்டிக் கிடந்தது. இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் பிடுங்கி வலையை விட்டு விலக்கினேன்.

தலையில் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினேன்.

"அண்ணே, நொர தெரிஞ்சாத்தான் கேஸ் கம்மின்னு சொன்னீங்களே, இப்ப தெரியுதா?"

தேவசகாயம் குழாயிலிருந்த சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். "இல்லீங்கம்மா."

"அப்ப டிக்கியத் தொறங்க."

திறந்தார். பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடித்துக் கிடந்தது.

"காத்து போவலன்னா இப்பிடித்தான் அடைச்சிக்கும்," என்றார். "ராத்திரியில உருகிடும். காலைல நான் கேஸ் ஏத்தனதாலதான் சரியாச்சுன்னு நெனச்சேன். கோஷா வண்டி, பொம்பளைங்க திரைக்குள்ள போறது, பின்சீட்டப் பாக்கக் கூடாதுன்னு பாய் சொன்னாரு."

"திரைய நாலு வெரல் கொறச்சித் தெச்சா தீர்ந்துச்சு," என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

இவர் தாடியைத் தடவினார். "கீழ சந்து தெரியுமே. ஜனங்க எட்டிப் பாப்பாங்க. இந்த வருஷம் போவட்டும், ஜெய்னப். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஆக, ஏர்கண்டிஷன் சரியானாலும் இவர் அனுப்பப் போவதில்லை. என் பெண் மயங்கி விழுந்ததெல்லாம் இவருக்கு ஒரு சாக்கு.

வெல்வெட்டை வளையத்தோடு பிய்த்து எடுத்து அவர் தோளில் போட்டேன்.

"இத நீங்க போத்திக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ஜனங்க உங்கள எட்டிப் பாக்காம இருக்கட்டும்."

நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"கொளஞ்சியப்பா, ஐஸ் உருகற வரைக்கும் கண்ணாடிய எறக்கிட்டு ஓட்டு. சிதம்பரம் போவணும்."

கொளஞ்சியப்பன் முதலாளியைப் பார்த்தான். அதற்குள் ஆரிபா தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கிவிட்டாள்.