டிராம்காரியின் கழுத்து

"தலையைத் திருப்புங்கன்னா திருப்புங்க."

"திருப்புறதுக்கு இது என்ன தண்ணிக் குழாயா? ஒட்டியாச்சு. காஞ்சும்—"

"ஒட்டினதைப் பிரிங்க. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள என்ன அவசரம்—"

"பிரிக்கிறதாம்! இது பசை இல்லம்மா. பிளாஸ்டிக்கை உருக்கி ஒண்ணாக்கிடும். இனிமே கழுத்து வேற, தலை வேற கிடையாது."

"அப்போ அறுங்க."

"யாரை?"

"என்னைத்தான்."

சாப்பாட்டு மேசை மேல் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் டிராம் ஒன்று நின்றது. கூரை மட்டும் இன்னும் ஏறவில்லை. பக்கத்தில் கவிழ்த்த படகு மாதிரிக் கிடந்தது. வண்டியின் முன்பக்கம், கைப்பிடியைப் பிடித்தபடி, சுண்டு விரலில் பாதி உயரத்தில் ஒரு பெண். அவள் தலை இடது பக்கம் திரும்பியிருந்தது. காலை முழுவதும் நடந்த சண்டை அந்தத் தலையைப் பற்றித்தான்.

வண்டியோடு பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தபோது அது பெண் இல்லை. தொப்பியும் மீசையுமாக ஓர் ஆள். பெயிண்ட்காரர் மீசையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தார். தொப்பியை அரம் போட்டுத் தேய்த்தார். மக்குப் பசை வைத்துக் கொண்டை பிடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்றே மயிர் உள்ள தூரிகையால் புருவம் போட்டார். டிராம்காரிக்கு அதுவரைக்கும் எல்லாம் பிடித்திருந்தது. "மீசை இல்லாம நல்லாத்தான் இருக்கேன்" என்றுகூடச் சொன்னாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் தலை திரும்பியிருக்கிறது.

அவர் பெயிண்ட் கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் டிராம் ஓட்டுவதை விட்டு அதைவிட வெகுகாலம். ஆனாலும் தெருவில் இன்னும் அதே பெயர்கள்தான்: பெயிண்ட்காரர், டிராம்காரி. இந்த ரக வண்டிகளையெல்லாம் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். டிப்போ வாசல் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது, அதில் வைக்க மாதிரி வண்டி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மகள் மாலை வேலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் டிப்போ. அவள் வந்து உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டு, கையெழுத்துப் போட வந்த சாட்சி மாதிரி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நேரமாகுதுப்பா. கூரையை ஒட்டிக் குடுத்தா நான் கிளம்புவேன்."

"ஒட்டக் கூடாது" என்றாள் டிராம்காரி. "கூரை ஏறிட்டா அப்புறம் யாரு கை உள்ள போகும்? அப்படியே காலாகாலத்துக்கும் நான் பக்கவாட்டுல பார்த்துட்டே நிப்பேன். டிப்போவுல இப்போ எத்தனை பொண்ணுங்க வண்டி ஓட்டுது! ஷிப்டு மாறும்போது வந்து நின்னு பார்க்கும். 'இது யாருடி, ரோட்டைப் பார்க்காம வேடிக்கை பார்க்குறவ?'ன்னு கேக்கும்."

"அம்மா, கொத்தமல்லி விதை சைஸ்ல ஒரு தலை. அது எந்தப் பக்கம் பார்த்தா என்ன?"

"ஊசி போடுறப்போ நீ ஜன்னலைப் பார்த்துட்டுப் போடுவியா?"

மகள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

இது முதல் சண்டையும் இல்லை. போன வாரம் நிறத்துக்காக நடந்தது. வண்டிக்கு வெளியே கருஞ்சிவப்பு. அவர் கலக்கிய சிவப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையைச் சொட்டவிட்டதைப் பார்த்து இவள் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"ஏங்க, இது என்ன வெளுத்துப்போன சிவப்பு? ரத்தம் கெட்டவன் மூஞ்சி மாதிரி."

"சின்ன வண்டிக்கு அசல் கலரைப் பூசினா கறுப்பா அடிக்கும்மா. சின்னதுன்னா என்ன அர்த்தம்? தூரத்துல நிக்குதுன்னு அர்த்தம். தூரத்துல எல்லா நிறமும் வெளுத்துதான் தெரியும். நம்ம கடை வாசல்ல நின்னு பார்த்தா இதே நிறம்தான்."

"நான் எப்போ கடை வாசல்ல நின்னேன்? நான் வண்டிக்குள்ள நின்னேன்."

கடைசியில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வெளிப்பக்கம் அவருக்கு. உள்பக்கம் இவளுக்கு. வாழ்க்கையில் தூரிகை பிடிக்காத கை. பூதக்கண்ணாடியை விளக்கோடு சாய்த்து வைத்துக்கொண்டு, கைப்பிடிக்குப் பித்தளை நிறம் பூசினாள். உள்ளங்கை படும் இடத்தில் மட்டும் அதை இன்னும் பளபளப்பாக்கினாள். ஓட்டுபவர் நிற்கும் பலகையில் இரண்டு பாதம் தேய்ந்த இடத்தை, தண்ணீராகக் கரைத்த வண்ணத்தால் தொட்டுத் தொட்டு வைத்தாள். மழை நாளில் தண்டவாளத்தில் தூவும் மணல் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு புள்ளி மணல்கூடப் போட்டாள்.

"கூரை ஏறினா இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?" என்று அவர் கேட்டார்.

"தெரிய வேண்டாம். இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அந்தப் பலகை மேல்தான், இவள் பூசிய பாதத் தடத்தின் மேல்தான், கழுத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள்.

"சரி, நான் ஒண்ணு சொல்றேன்" என்றார் பெயிண்ட்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். சண்டையில் அவர் சமாதானத்துக்கு வருகிற அடையாளம் அது. "நான் இஷ்டத்துக்குத் திருப்பல. நடந்ததைத்தான் வச்சிருக்கேன். நம்ம கடைக்கு எதிர்ல ஸ்டாப். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி இடது பக்கம் திரும்பி நீ பார்ப்பே. ஒவ்வொரு தடவையும். மழையா இருந்தாலும் வெயிலா இருந்தாலும். நான் டப்பாவைக் கலக்கறதை விட்டுட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

"ஆமாம்மா" என்றாள் மகள். "இந்தக் கதையை அப்பா எத்தனை கல்யாண வீட்டுல சொல்லியிருக்காரு! என் கல்யாணத்துல மைக் பிடிச்சுச் சொன்னாரு. நீயும் பக்கத்துல நின்னு சிரிச்சே."

"சிரிச்சேன். நாலு பேரைச் சிரிக்க வைக்க கதை விடுறார்னு நினைச்சேன். பேச்சு காத்தோட போயிடும், போகட்டும்னு விட்டேன். நம்பிட்டு இருக்கார்னு எனக்கு என்ன தெரியும்?"

"நம்பிட்டு இருக்கேனா? என்ன நம்பிட்டு இருக்கேன்?" பெயிண்ட்காரர் குரல் ஏறியது. "நீ பார்த்தியா இல்லையா?"

டிராம்காரி மகளிடமிருந்து பல்குத்தும் குச்சி ஒன்றை வாங்கினாள். வண்டியின் இடது முன்பக்கத்தில், அரிசியில் பாதி அளவுக்கு வெள்ளி நிறத்தில் துருத்திக்கொண்டிருந்ததைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்ன?"

"பக்கக் கண்ணாடி. காலையிலதான் ஒட்டினேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... பெட்டியில இருந்தது. படத்துல அந்த இடத்துல போட்டிருந்தது."

"கடைசி ஆள் படியில கால் வச்சு ஏறிட்டாரான்னு பார்க்கறதுக்கு. கண்டக்டர் மணி அடிச்சாலும் நான் கண்ணாடியைப் பார்க்காம வண்டியை நகர்த்த மாட்டேன். எங்க இன்ஸ்பெக்டர் அடிச்சுச் சொல்லிக்குடுத்த பாடம். நான் பார்த்தது கண்ணாடியை."

அவர் குச்சியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தோற்கிற வழக்கில் புதிய ஆதாரம் கிடைத்தவர் போல நிமிர்ந்தார்.

"பார்த்தியா! கண்ணாடியைப் பார்க்கவாவது தலை திரும்பினதுதானே?"

"கண்ணு போகும். கழுத்து போகாது. கழுத்து போனா கையும் கூடவே போகும், கை போனா வண்டி போகும்."

"நீ சிரிச்சே."

"காலையில கிழக்கைப் பார்த்து வர்ற வண்டி. வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். யாரா இருந்தாலும் பல்லைக் காட்டிட்டுதான் நிப்பாங்க."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ அப்பாவைப் பார்க்காமலேவா கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னே?"

"உங்க அத்தை வந்து கேட்டாங்க. நல்லா பேசினாங்க. நல்ல குடும்பம்னு தோணுச்சு, சரின்னேன். கடைக்காரர் யாருன்னு அப்புறம்தான் தெரியும்."

மகள் சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. அவர் முகத்தில் கோபம் இல்லை. பையைத் தொலைத்துவிட்டு, எந்த நிறுத்தத்தில் விட்டோம் என்று யோசிப்பவர் முகம் மாதிரி இருந்தது.

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டார். இன்னும் ஒட்டாமல் நின்ற அந்தப் பெண்ணை இடுக்கியால் பலகையிலிருந்து மெதுவாகத் தூக்கினார். விரல் அகல ரம்பத்தை எடுத்தார். கழுத்தில் வைத்தார்.

"பார்த்துங்க" என்றாள் டிராம்காரி, அவளையும் அறியாமல்.

கரகரவென்று ஒரு சத்தம். வெள்ளையாகக் கொஞ்சம் தூள் செய்தித்தாள் மேல் உதிர்ந்தது. தலை தனியாக வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.

கீழே சாலையில் டிராம் போயிற்று. இப்போதைய நீளமான வண்டி. சத்தம் குறைவு, ஆனாலும் வண்ண டப்பாக்கள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன. மேசைக்கு அடியில் டிராம்காரியின் வலது குதிகால், பழைய வண்டியின் மணி மிதியை மிதிப்பது போல, தரையை அழுத்தியது.

"இன்னும் மணி அடிக்கிறியாம்மா?"

"எங்கடி அடிக்கிறேன். கால் தானா போகுது." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "வளைவுக்கு வர்றா. இப்போ மோட்டார் கரண்டை நிறுத்தணும்... நிறுத்திட்டா. நல்லா ஓட்டுறா, யாரோ."

"சத்தத்துலயே தெரியுமா?"

"தெரியாம? அந்த வளைவுல கரண்டை நிறுத்திட்டா வண்டி தன் கனத்துலயே போகும். இரும்புச் சத்தம் மட்டும்தான். முதுகுக்குப் பின்னால அத்தனை பேர் உட்கார்ந்திருப்பாங்க, அந்த இடத்துல மட்டும் ஒருத்தரும் பேச மாட்டாங்க, ஏன்னே தெரியாது. கையில பிடி இருக்கும், ஆனா நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. ஒரு மூச்சு நேரம்தான். அதுக்கப்புறம் எத்தனையோ இடத்துக்குப் போயிட்டோம், எத்தனையோ வண்டியில ஏறிட்டோம். அந்த ஒரு மூச்சு திரும்பக் கிடைக்கல."

"டிராமே நின்னுபோன மாதிரி பேசுறே."

"டிராம் எங்க நின்னுது? ஓடிட்டுதான் இருக்கு. நான்தான் ஓட்டல."

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கொஞ்சம் நின்று மறுபடியும் தொடர்ந்தது.

"திரும்பப் போயிருக்கலாமே" என்றாள் மகள். "நான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும்."

"கூப்பிட்டாங்க. இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு வந்தார். இதே ரூம்லதான் உட்கார்ந்தார். ஆள் பத்தலை, வந்துடும்மா, உன் ரூட்டையே தர்றேன்னார். எனக்கு டீ போடக்கூடக் கை ஓடல, அவ்வளவு சந்தோஷம். உங்க அப்பாதான் வாசல் வரைக்கும் கூடப் போய், குழந்தைக்கு நெஞ்சுச் சளி, இப்போ முடியாதுன்னு சொல்லி அனுப்பினார். சளி போனதும் கேக்கலாம்னு இருந்தேன். அப்புறம் ஒவ்வொண்ணா வந்துது. இன்ஸ்பெக்டரும் ரிட்டயர் ஆயிட்டார்."

"எனக்கா? சளியா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"நீ சின்னப் பிள்ளை. உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

பெயிண்ட்காரர் ஊசி முனையில் அந்த உருக்கும் திரவத்தை ஒரு துளி தொட்டுக் கழுத்தில் வைத்தார். தலையை இடுக்கியால் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தார். நேராக. கொஞ்சம் விலகிப் பார்த்தார். தாடையை ஒரு மயிரிழை கீழே இறக்கினார்.

"இப்போ சரியா?"

டிராம்காரி பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். கை பித்தளைக் கைப்பிடிக்கு நேராக, பார்வை தண்டவாளத்துக்கு நேராக.

"சரியா இருக்கு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இது நான்தான்."

அவர் அந்தப் பெண்ணின் பாதத்திலும் ஒரு துளி தொட்டுப் பலகையில் நிறுத்தி, கீழே விழாமல் விரலால் பிடித்துக்கொண்டார். காய்வதற்காகக் காத்திருக்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாதவர் போல வண்டியின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ..." என்றார். "அந்த ரோட்டுல வேற யாரையும் நீ பார்க்கல."

"வேற யாரை?"

"இல்ல. வளைவுல ஒரு ரேடியோ கடை இருந்தது. ஒரு பையன் எப்பவும் வாசல்லயே நிப்பான். அப்புறம் அந்தத் துணிக்கடை. ரோடு நெடுக கடைதானே. ஸ்டாப்பும் எங்க கடைக்கு எதிர்ல மட்டும் இல்ல. நான் என்ன நினைச்சேன்னா... என்னைப் பார்த்தவ, அப்புறம் இன்னொருத்தரையும்..."

மகள் ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றாள்.

டிராம்காரி பூதக்கண்ணாடியைச் செய்தித்தாள் மேல் வைத்தாள். கூரையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்கு, பிள்ளைக்கு நிஜமாவே சளியா இருந்துது?"