லோகாம்பாளின் கட்டைவிரல்

1

இந்தக் கதை ஒரு நண்டிலிருந்து பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் அது ஒரு புகாரிலிருந்து பிறந்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு நண்டுக் கொட்டகை. நண்டுகளைத் தரம் பிரிப்பது எப்படி என்று பார்க்கப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் பூவிழி, நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"எங்கம்மா என்னைய ஏமாத்திச்சா இல்லியானு தெரியணும் சார். அது செத்து நாலு மாசமாச்சு. இப்ப யாரைப் போய்க் கேக்குறது?"

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரி: அம்மா என்பவள்

(அடித்துவிட்டேன். எந்த அம்மா?)

இரண்டாவது: ஏரியின்மேல் மேகங்கள் திரண்டு

(மேகத்துக்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பில்லை.)

மூன்றாவதில்தான் கட்டைவிரல் வந்தது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

2

நண்டு வளர்வதற்கு ஓட்டைக் கழற்றிப் போடும். புதிய ஓடு பெரியது, உள்ளே சதை சிறியது. நடுவில் இருக்கும் இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். தராசில் வைத்தால் எடை காட்டும், வேகவைத்தால் ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பெயர் தண்ணி நண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நண்டைப் புரட்டி, கடைசிக் கால் முளைக்கும் இடத்தருகே கட்டைவிரலால் அமுக்க வேண்டும். கல்லாக நின்றால் முழு நண்டு. ஒரு நூல் உள்ளே போனால் தண்ணி.

[ஒரே இடத்தில் இரண்டு முறை அமுக்கக் கூடாது. புது ஓடு விரிசல் விட்டுவிடும். இது எனக்கே பின்னால் தேவைப்படும்.]

அந்தக் கரையில் லோகாம்பாளின் விரலுக்கு மறுபேச்சு கிடையாது. மகள் பூவிழிக்கு அவள் விட்டுப்போன அறிவெல்லாம் இந்த ஓர் அசைவுக்குள் அடங்கும். யார் எது சொன்னாலும் அமுக்கிப் பார், பிறகு நம்பு. அரிசி வாங்கினாலும் அதேதான், ஆள் சிரித்தாலும் அதேதான்.

3

ஏழு வருடத்துக்கு முன்னால் காட்டூர் கவியரசன் பெண் கேட்டு வந்தான். தினமும் காலையில் நண்டு ஏற்றிப்போகும் வேன் அவனுடையது. லோகாம்பாள் டீ கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். போனதும் மகளிடம் சொன்னாள்:

"தண்ணி நண்டு. ஓடுதான் பெருசு."

அவ்வளவுதான். பூவிழி மறுத்துப் பேசவில்லை. அந்த விரல் எப்போது தவறியிருக்கிறது?

4

போன மாதம் அண்ணி பானுப்ரியா பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒன்றைச் சொன்னாள். அத்தை லோகாம்பாளுக்குச் சர்க்கரை முற்றி, கட்டைவிரலில் உணர்ச்சியே போய்விட்டதாம். ஒருநாள் கொதிக்கும் பானையின் மூடியை எடுத்து, தோல் வெந்து கொப்புளம் வந்தும் தெரியாமல் நின்றாளாம். வெளியே சொன்னால் கொட்டகையில் வேலை போய்விடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

"எப்ப அண்ணி?"

"அந்த வேன்காரரு பொண்ணு கேட்டு வந்தாரே, அந்த வருசம்."

பூவிழி கை கழுவுவதை நிறுத்திவிட்டாள். அந்த வருடம்தான் அம்மா நண்டை மடியில் போட்டு, "நீ அமுக்கு, நான் பாக்குறேன்" என்று சொல்லத் தொடங்கினாள். வேலை தேறிவிட்டதால் கையில் கொடுக்கிறாள் என்று பூவிழி பெருமைப்பட்டிருந்தாள். இப்போது கணக்கு வேறு மாதிரி வந்தது. மகள் காட்டூருக்குப் போயிருந்தால் அம்மாவுக்கு விரல் ஏது?

(இங்கே எனக்கும் சந்தேகம். பானுப்ரியா ஏழு வருடம் காத்த ரகசியத்தை இப்போது ஏன் சொல்கிறாள்? அந்த வீட்டில் இருப்பது இரண்டே அறை. பூவிழி போனால் ஓர் அறை காலி. கவியரசன்மேலும் சந்தேகம்தான். கருமாதி முடிந்த மறுவாரமே மறுபடி கேட்டிருக்கிறான். ஏழு வருடம் காத்திருந்தானா, அல்லது வேறெங்கும் பெண் அமையவில்லையா? திருப்பாலைவனத்தில் அவனுக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.)

5

இந்த இடத்துக்கு ஒரு சாவுப் படுக்கைக் காட்சி எழுதினேன். லோகாம்பாள் மகளின் கையைப் பிடித்து, "மன்னிச்சுடு, பூவு" என்கிறாள். எனக்கே கண் கலங்கியது. வெள்ளிக்கிழமை அதைப் பூவிழிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இங்க அமுங்குது சார்," என்றாள்.

"எங்கே?"

"மன்னிச்சுடுன்ற எடத்துல. எங்கம்மா அப்பிடில்லாம் பேசாது. கடைசியா அது கேட்டது, நண்டுமேல போட்ட சாக்க நனைச்சியானுதான்."

காட்சியை எடுத்துவிட்டேன். நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கொஞ்சம் கழித்து, இன்னொரு நண்டைக் கட்டிக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு சார். நான் பிரிச்சு அனுப்புன நண்டு ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வரல. அது பொய்யா கத்துக் குடுத்திருந்தா இது எப்பிடி?"

ஒருவர் தன் தேவைக்காகச் சொல்லிக்கொடுத்தாலும் பாடம் சரியாக இருக்கலாம். ஆனால் கவியரசனைப் பற்றிச் சொன்னது பாடமா, தேவையா?

6

சனிக்கிழமை காலை. வேன் வந்து நின்றது. கவியரசன் இறங்கினான்.

"இன்னா, நாளைக்குச் சொல்றியா?" என்று கேட்டான். அவள் கூடையிலிருந்து ஒரு நண்டை எடுத்துப் புரட்டினாள். அமுக்கினாள். முகம் சுருங்கியது. நண்டைக் கைமாற்றி, மறுபக்கத்துக் காலருகே இடதுகைக் கட்டைவிரலை வைத்தாள். அமுக்கவில்லை. எடுத்துவிட்டாள்.

(வலதுகைக்காரி அவள். ஒரு மாதமாகப் பார்க்கிறேன், இடதுகையை வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. சர்க்கரை அம்மாவிடமிருந்து மகளுக்கும் வரக்கூடிய நோய் என்பது உங்களுக்குத் தெரியும்.)

பிறகு நண்டை அவனிடம் நீட்டினாள்.

"நீ அமுக்கு, நான் பாக்குறேன்."

அவனைச் சோதிக்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அவளுக்கு இப்போது ஒரு விரல் தேவைப்படுகிறது என்று இன்னொன்று. இரண்டையும் வாசித்துக் காட்டவா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

கவியரசனின் கட்டைவிரல் ஓட்டின்மேல் இருக்கிறது. அவன் கண் நண்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்கிறது. நான் இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டேன். இனி என் கை பட்டால் விரிசல் விழும்.

நீங்கள் அமுக்குங்கள். நான் பார்க்கிறேன்.