விரலிடுக்கில் தொடங்கியது

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் கம்பெனி ஒன்றில் சமுத்திரத்துக்கு வேலை. தொட்டியிலிருந்து துணியை வாரிப் போட வேண்டும். பொழுதுக்கும் கணுக்கால் தண்ணீரில்தான் நிற்பான். எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்ததில் வீட்டுத் தரையும் ஈரமாகவே கிடந்தது. அவன் கால்கள் காயவே இல்லை.

இடது காலில் சுண்டுவிரல் இடுக்கில்தான் முதலில் அரித்தது. தோல் ஊறி வெள்ளையாக உரிந்தது.

"சேத்துப்புண்ணுதானட்டி. கம்பெனியில யாருக்கு இல்ல?" என்றான் மனைவி வெள்ளத்தாயிடம்.

உடன் வேலை பார்த்த பொன்னுராஜ் ஒரு வழி சொன்னான். "ஏலே, தொட்டித் தண்ணியக் கொஞ்சம் ஊத்து. துணிக் கறையே போகுது, இது போகாதா?"

ஊற்றினான். தோல் வெடித்தது. ஆனால் எரியவில்லை. எரியாததால் குணமாகிறது என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளத்தாய்க்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்ச மாதமாகவே அவன் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வந்தான். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தவனுக்குப் பின்னால் தரையில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. அவனை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் செருப்பாணி ஒன்று முழுசாக ஏறியிருந்தது.

"வலிக்கலையா?"

"எது?" என்றான் சமுத்திரம்.

ஆணியைப் பிடுங்கும்போதும் அவன் முகம் மாறவில்லை. விரலிடுக்கிலிருந்து அழுகல் வாடை வந்தது. கணுக்காலுக்கு மேலே தோல் சிவந்து மினுமினுத்தது.

"இன்னைக்கு லோடு போகணும். பொறவு பாப்போம்" என்று போய்விட்டான். சாயங்காலம் பொன்னுராஜ் அவனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது குளிர்ஜுரத்தில் பல் கிட்டியிருந்தது. சுண்டுவிரல் கறுத்துவிட்டது.

வெள்ளத்தாயின் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

"இவருக்குச் சர்க்கரை நிறைய இருக்கு. எத்தனை வருஷமாவோ, தெரியாமலே இருந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "விரலிடுக்குல பூஞ்சை வந்து தோலு வெடிச்சிருக்கு. அது வழியாக் கிருமி உள்ள ஏறிருச்சு. கால்ல உணர்ச்சி இல்லாததால வலி தெரியல."

"காலு தப்பிச்சிருமா டாக்டரம்மா?"

அவர் பேனாவை எடுத்துச் சிவப்பு முடிகிற இடத்தில் கெண்டைக்காலைச் சுற்றிக் கோடு போட்டார். "இதத் தாண்டுதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளத்தாய் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மதியத்துக்குள் சிவப்பு கோட்டைத் தொட்டது. பிறகு தாண்டியது. அவள் கத்திக்கொண்டு ஓடினாள்.

சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்த பிறகுதான் சிவப்பு இறங்கியது. கால் தப்பியது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "கால் கழுவினா விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்கணும். அரிப்பு நின்னுருச்சேன்னு களிம்ப நிறுத்தக் கூடாது, சொல்ற வரைக்கும் போடணும். தண்ணியில நிக்கிற வேலை இனி வேண்டாம்."

இப்போது சமுத்திரம் மடிக்கும் பிரிவில், காய்ந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலமானால் இரண்டு கால்களையும் மனைவியின் மடியில் நீட்டுகிறான். முள் குத்தினாலும் அவனுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு இடுக்காக விரித்துப் பார்க்கிறாள். சில நாள் ஓர் இடத்தில் அவள் கை கொஞ்ச நேரம் நின்றுவிடும்.

"என்னட்டி?" என்பான்.

"ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்லும்வரை அவனுக்கு மூச்சு வருவதில்லை.