சிட்டுவின் பதினோராவது பதில்

கணவனின் அண்ணனிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ராஜினாமா என்று ஒன்று கிடையாது. ஆறு மணிக்கு அலுவலகத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுந்து வந்தால், எட்டு மணிக்கு அதே மனிதர் எதிரே சாப்பிட உட்கார்ந்திருப்பார். "மூணாம் பக்கம் என்னம்மா ஆச்சு?" என்பார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "முடிஞ்சுது பெரியத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம், நடுவில் அலுவலகம், மேலே வீடு. ஆறு வருடமாக அவளுடைய உலகம் முப்பத்தெட்டுப் படிகள்.

பரீட்சை வழிகாட்டிப் புத்தகங்களுக்கு அட்டை வடிவமைத்தே தேய்ந்துபோனவளிடம் ஒருநாள் பெரியத்தான் சொன்னார், "பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குப் பாட்டுப் பத்திரிகை ஒண்ணு ஆரம்பிக்கிறோம். பேரு 'இசைச்சோலை'."

"அந்தப் பேர வச்சா பசங்க அப்பாகிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்க, பெரியத்தான்."

அதிசயமாக அவர் சிரித்தார். பேர் 'ஹம்' என்று ஆனது, ஹம்மிங்கில் பாதி.

ஒரு வாரம் அவள் பள்ளிக்கூட வாசல் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். பிள்ளைகளின் நோட்டுகளில் பளபளக்கும் படங்களைத் தேடினாள்; அதிகம் இல்லை. ஓரங்களில் பாட்டு வரிகளைக் கோணல்மாணலாகக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'என் கையெழுத்தில்' பக்கம். பாடகர் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பேனாவால் பதில் எழுத வேண்டும். அடித்தல் திருத்தலோடு அப்படியே அச்சாகும். முதல் இதழில் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்தான் கிழித்துச் சுவரில் ஒட்டினார்கள்.

இரண்டாம் இதழின் அட்டைக்கு சிட்டு வந்தாள். பதினைந்து வயது. போட்டிகளில் பாடிப் பேர் வாங்கியவள்; மேடையில் வைத்த பேர்தான் சிட்டு. கூட வந்த அப்பா அவளுக்கு மேனேஜரும்கூட. படம் எடுக்கும்போது கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். "பாப்பா ஸ்வீட் சாப்பிட மாட்டா." "பாப்பாவுக்கு மஞ்சள்தான் பிடிக்கும்." சிட்டு ஊதாப் பேனாவால் கேள்வித்தாளை நிரப்பி அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாசித்துப் பார்த்து, ஓரிடத்தில் ஏதோ கிறுக்கி உறைக்குள் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் தாளை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பதினோராவது கேள்வி, 'இப்பவே ஒரு வரம் கிடைச்சா?' அதற்குக் கறுப்பு மையில், பெரியவர் கையெழுத்தில், 'உலகம் பூரா பாடணும்'. அதன் கீழே கறுப்புக் கோடுகளுக்கு அடியில் ஊதா எழுத்து நெளிந்தது. 'ஒரு மாசம் பாடாம, பேசாம இருக்கணும். தொண்டை வலிக்குது.'

நேரே பெரியத்தானிடம் காட்டினாள்.

"அப்பா எழுதினதப் போடும்மா. எதுக்கு வம்பு?"

கீழே போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அண்ணன் சொல்லியாச்சுல்ல?" என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஊதாவையும் கறுப்பையும் பிரிப்பது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. கறுப்பை மட்டும் தேடித்தேடி அழித்தாள். முக்கால் மணி நேரத்தில் அப்பா காணாமல்போனார், பெண்ணின் வரி பளிச்சென்று நின்றது. பெரியத்தான் விளம்பரப் பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதழ் வெளியான அன்றே அப்பா வந்து குதித்தார். "வழக்குப் போடுவேன்" என்ற சத்தம் மாடிவரை கேட்டது. பெரியத்தான் அவரைக் கெஞ்சி அனுப்பிவைத்தார். வீட்டில் நான்கு நாள் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் கணவன், "பெரிய இவளா நீ? இங்க இல்லன்னா உனக்குப் போக எடம் இருக்கா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருப்பாள். அவன் உண்மையாகவே கேட்டான்.

பிறகு கடிதங்கள் வந்தன. முதலில் பத்து, அப்புறம் கட்டுக்கட்டாக. எல்லாம் பிள்ளைகள் கையெழுத்து. 'நீ ரெஸ்ட் எடு சிட்டு, நாங்க எங்கயும் போக மாட்டோம்.' 'எனக்கும் தொண்டை வலிச்சா ஸ்கூல் லீவு குடுக்குறாங்க, உனக்கு ஏன் இல்ல?' இதழ் இரண்டாம் தடவை அச்சேறியது.

பெரியத்தான் இளகிவிட்டார் என்று அவள் நினைத்தது தப்புக்கணக்கு. சிட்டுவின் அப்பாவும் அவரும் அறையில் உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள். "அடுத்த அட்டையும் சிட்டுதான். வாயில விரல் வச்சுக்கிட்டு, 'உஷ்!' அப்புறம் அதே பேர்ல கச்சேரி. நீயே டிசைன் பண்ணிடும்மா, உன் ஐடியாதானே!" என்றார் பெரியத்தான்.

படம் எடுக்கும் நாளில், உடை மாற்றும் திரைக்குப் பின்னால் சிட்டுவின் தலையைச் சீவிவிட்டபடி கேட்டாள், "கொஞ்சமாவது ஓய்வு கெடச்சுதாம்மா?"

"லெட்டர்லாம் வந்தப்புறம் அப்பா விட்டது பன்னெண்டு நாள்க்கா." குரல் கரகரத்தது. "டாக்டர் ஒரு மாசம்னுதான் சொன்னார். இன்னிக்கு மூணு மணிக்கு ரிகர்சல்."

"எம்மேல கோவமா?"

சிட்டு யோசித்தாள். "பன்னெண்டு நாள் நல்லா இருந்துச்சு." பிறகு கேட்டாள், "போட்டோ எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"இங்க பேச வேணாம்ல? அதான். இன்னும் கொஞ்சம் நேரமாக்க முடியுமாக்கா?"

அவள் சீப்பை வைத்துவிட்டு வெளியே வந்தாள். போட்டோக்காரரின் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"லைட் சரியில்ல. மறுபடி செட் பண்ணணும்" என்று சிட்டுவின் அப்பாவிடம் சொன்னாள். "நீங்க வெளிய இருங்க, நிழல் விழுது."

"ரிகர்சல் இருக்கும்மா!"

"அட்டைப்படம் சார். அவசரப்பட்டா ஆகுமா?"

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மூன்று மணிக்கு அவர் தட்டினார். நாலு மணிக்குப் பெரியத்தானும் சேர்ந்து தட்டினார். "பின்னணிக்கு அடிச்ச பெயிண்ட் இன்னும் காயல பெரியத்தான்" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். எட்டு மணிக்கு அந்த மனிதர் எதிரே உட்கார வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சிட்டு தரையில் விரித்திருந்த மஞ்சள் துணியின்மேல், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.