அழைப்பவர் இருசம்மாள்

என் கல்யாணப் பத்திரிகையில் என் அம்மா பெயர் இல்லை. அச்சாகி வந்த கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையை இரண்டு தடவை படித்தேன். அழைப்பவர் என்ற இடத்தில் பெரியப்பா அரியமுத்து கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அப்பா செத்த பிறகு குன்னத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதர். வெங்காயக் காட்டில் களையெடுத்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்த இருசம்மாள் எங்கேயும் இல்லை.

“பிரஸ்காரன் பண்ணுன தப்பு செல்வி. மறுபடி அடிக்க நேரமில்ல, விட்டுடு” என்றார், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற அறிவரசன். அரியலூர் கோர்ட்டில் வக்கீல்.

நான் விடுகிற ஜென்மமா? பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் தொழிலே இதுதான். ஓர் ஆவணத்தின் இரண்டு பிரதிகளைக் கொடுத்தால், எந்த வரி போனது, எது புதிதாக வந்தது என்று எங்கள் மென்பொருள் கலர் போட்டுக் காட்டிவிடும். பூட்டிப் பத்திரமாக, வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்பவும் செய்யும். அறிவரசனின் ஆபீஸுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் போய்த்தான் எங்களுக்குள் பழக்கமே. அந்தப் பெருமையில் பத்திரிகை வாசகத்தையும் அதிலேயே போட்டு, இரண்டு பேரும் பார்த்து, பிரஸ்ஸுக்கு அனுப்பியிருந்தோம்.

அந்த மென்பொருளுக்குள் போய்த் தேடினேன். நான் எழுதிய பிரதியை அழித்திருந்தார்கள். அழித்தால் ஒழிந்தது என்று நினைத்திருக்கிறார்கள். அழித்த பிரதியை, அழித்தவர் பெயரோடு எடுத்து வைக்கும் பகுதியை எழுதியவளே நான்தான். இரண்டையும் ஒப்பிட்டேன். அம்மா பெயர் மேல் சிவப்புக் கோடு. பெரியப்பா பெயர் பச்சையில். மாற்றியவர்: அறிவரசன்.

எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அன்று அரியலூரில் அவர் வீட்டில் இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கூடி, பத்திரிகை முனைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். அம்மாவை மட்டும் மஞ்சள் தடவ யாரும் கூப்பிடவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நான் போனை ஹால் டிவியில் இணைத்தேன். சிவப்பும் பச்சையும் பெரிதாக விரிந்தன. மஞ்சள் கையோடு எல்லோரும் டிவி பக்கம் திரும்பினார்கள்.

அறிவரசனின் அம்மா ரத்தினம்மாள் எழுந்தார். “நாந்தான் எடுக்கச் சொன்னேன். தாலி அறுத்தவ பேரு நல்ல காரியத்துல முன்னால வரலாமா?”

“நீங்க நேராவாச்சும் சொல்றீங்க அத்தை. ஒங்க புள்ள பிரஸ்காரன் தலையில போட்டாரு பாருங்க, அதத்தான் என்னால பொறுக்க முடியல.”

“விட்டுடு கண்ணு” என்று அம்மா என் கையைப் பிடித்தாள். “எம் பேரு இல்லன்னா என்ன, குடியா முழுகிப்போச்சு?”

கையை உதறிவிட்டு, அந்தச் சிவப்பு பச்சைப் பக்கத்தைப் பத்திரிகை வைக்க வேண்டிய எல்லோருக்கும் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். ஹாலில் இருந்த போன்களெல்லாம் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. அறிவரசன் தன் போனைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

“எங்க சீனியர் வக்கீலுக்கும் அனுப்பிருக்கியா? நாளைக்கு நான் எப்புடி கோர்ட்டுக்குப் போவேன்? எடுத்துடு செல்வி!”

“எடுக்க வேணாங்க, கெடு வச்சிருக்கேன். முகூர்த்த நேரம் முடிஞ்சதும் தானா மறைஞ்சிடும். அதுவரைக்கும் மணவறையில நீங்க தனியா உக்காந்து பாத்துக்கிட்டிருங்க. நான் வரல.”

அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து பஸ் ஏறினேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்வானேன், இனித்தது. அவள் மனதை நினைத்தால்தான் பயமாக இருந்தது. பாதி வழியில் மெல்ல என் தோளை இடித்தாள்.

“ஏண்டி, செவப்புக் கோடு போட்டிருந்துச்சே, எம் பேரு படிக்கிற மாதிரி தெரியுதா?”

“நல்லாவே தெரியுதும்மா.”

“ஒம் பெரியப்பனுக்கு?”

“மொதல்ல அவருக்குத்தான் போச்சு.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.